ஊசியைத் தள்ளிப்போடச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் குழந்தை வளர்ப்புக் கட்டுரை படித்தேன். முதல் தடுப்பூசிக்குக் காய்ச்சல் அடித்தால், மீதியை "ஒரு வயது ஆகிப் பிள்ளை தேறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு வரி. நெடுநாள் வாசகி என்ற உரிமையில் கேட்கிறேன்: அதை ஒரு குழந்தை டாக்டரிடமாவது காட்டினீர்களா?

தங்களுக்குத் தெரியாததல்ல. 6, 10, 14-ஆவது வாரங்களில் போடும், ஐந்து நோய்களுக்குச் சேர்த்துத் தடுப்பு தரும் பென்டாவேலன்ட் ஊசியில்தான் ஹிப் (Hib) என்ற கிருமிக்கான தடுப்பும் இருக்கிறது. மூளைக்காய்ச்சலையும் ரத்தத்தில் நஞ்சேறுவதையும் உண்டாக்கும் அந்தக் கிருமி கைக்குழந்தைகளைத்தான் அதிகம் பிடிக்கும். ஆபத்து கூடின மாதங்களிலா பிள்ளையைக் காவலில்லாமல் விடச் சொல்வது?

என் மகன் 1996-இல் பிறந்தவன். எட்டாம் மாதம் காய்ச்சல் கண்டது. உச்சிக்குழி புடைத்துவிட்டது, பால் குடிக்கவில்லை, தூக்கினாலே வீறிட்டான். முதலில் பார்த்த கிளினிக்கில் பல் முளைக்கிற காய்ச்சல் என்று சிரப் கொடுத்து அனுப்பினார்கள். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்து, ஹிப் என்றார்கள். உயிர் தப்பியது. இரண்டு காதும் போய்விட்டன. அப்போது அரசு ஆஸ்பத்திரியில் இந்த ஊசி கிடையாது. 2011 டிசம்பரில்தான் இலவசமாக வந்தது. நாட்டிலேயே முதலில் தொடங்கியது நாமும் கேரளமும்தான். என் பேத்திக்கும் முதல் ஊசிக்குக் காய்ச்சல் அடித்தது. நர்ஸம்மா சொன்ன பாராசிட்டமாலில் மறுநாளே தணிந்தது. அடுத்த ஊசியை நாள் தவறாமல் போட்டோம்.

இது முதல் முறையும் அல்ல. 2017-இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு எதிராக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியபோது, பெற்றோரின் பீதி உங்களுக்கு முதல் பக்கச் செய்தி. பயப்பட வேண்டாம் என்று டாக்டர்கள் சொன்னது உள்ளே ஒரு மூலையில். "ஊசி போட்ட குழந்தை சாவு" என்று பெரிதாகப் போடுகிறீர்கள். விசாரணையில் என்ன தெரிந்தது என்று ஒருநாளும் எழுதுவதில்லை. அப்போதும் கடிதம் போட்டேன், வெளியிடவில்லை.

சரி, இப்போது கேட்பது ஒரு சின்னப் பெட்டிச் செய்திதான். ஊசிக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சல் சகஜம், அதற்காக அடுத்ததை நிறுத்த வேண்டாம். வலிப்பு போல வேறு ஏதாவது வந்தால் டாக்டரைக் கேட்க வேண்டும். நிமோனியாவை உண்டாக்கும் இன்னொரு கிருமிக்கான நிமோகாக்கல் ஊசியும் 2021 முதல் இலவசம்: 6, 14-ஆவது வாரம், 9-ஆவது மாதம். புதன்கிழமைகளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுகிறார்கள். இவ்வளவையும் வரும் ஞாயிறு இணைப்பிலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
பெரியகுளம்