பட்டனை அழுத்தினால் படம் வந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு கலைக் கண்காட்சிக்கு நானே பிரிண்ட் போட்ட நான்கு கறுப்பு வெள்ளைப் படங்களைக் கொண்டுபோனேன். போட்டோ கலையில் சேராது, பட்டனை அழுத்தினால் வருவதுதானே என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அதில் ஒன்று திருவையாறு பக்கம் குறுவை நடவில் எடுத்தது. உச்சி வெயிலில் வானம் வெளுத்துக் கிடக்க, குனிந்திருந்த அம்மாவின் முகம் தலைத்துண்டு நிழலில் கறுத்திருந்தது. நெகட்டிவை அப்படியே என்லார்ஜரில், அதாவது அதன் வழியே வெளிச்சம் பாய்ச்சிப் படத்தைத் தாளில் பெரிதாக விழவைக்கும் கருவியில், போட்டு எடுத்தால் மேலே வெறும் வெள்ளை, நடுவில் கறுப்புத் திட்டு. வெளிச்சம் கூடப் பட்ட இடம் தாளில் கறுக்கும், அதனால் கம்பி முனையில் நாணய அளவுக்கு அட்டை ஒட்டி, தாளில் வெளிச்சம் விழும்போது முகத்துக்கு மேலே ஆட்டிக்கொண்டே இருந்தேன், அப்புறம் உள்ளங்கையால் வயலை மறைத்து வானத்துக்கு மட்டும் பத்து செகண்டு கூடுதலாகக் கொடுத்தேன், கை ஒரே இடத்தில் நின்றால் கோடு விழுந்துவிடும். ஆறு தாள் வீண். ஏழாவது தாளில்தான் சிவப்பு விளக்கடியில், படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் மருந்துத் தட்டுக்குள் அந்த முகம் மெல்ல எழுந்து வந்தது. டெவலப்பர் 20 டிகிரியில் இருக்கவேண்டும், நம்மூர்த் தண்ணீருக்கு ஐஸ் கட்டியைத் தட்டைச் சுற்றி அடுக்கித்தான் ஆகவேண்டும். கடைசியில், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ மருந்து போக ஒரு மணி நேரம் கழுவ வேண்டும், இல்லையென்றால் நாளடைவில் படம் பழுப்பேறிவிடும்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலை 1858-லேயே லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி படமெடுத்தார். விமானத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக அச்சிட்டு ஒட்டிச் சேர்த்தார், நீளம் சுமார் 19 அடி. அந்தக் காலக் காகித நெகட்டிவில் வானம் சரியாகப் பதியாது, அதனால் நெகட்டிவின் மேலேயே மேகத்தை வண்ணம் பூசி வரைந்திருக்கிறார். 2015-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவர் படங்களுக்கென்றே கண்காட்சி வைத்தது. நம் கோயிலின் படத்துக்கு அங்கே சுவர் கிடைக்கிறது, இங்கே கிடைக்கவில்லையே.

ஊட்டியில் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் செய்த ஆலையும் மூடியாகிவிட்டது, பழைய ஸ்டூடியோ என்லார்ஜர்கள் எடைக்குப் போகின்றன. அடுத்த கண்காட்சியில் கையால் அச்சிட்ட படங்களுக்கு ஒரு சுவர் ஒதுக்குங்கள். பக்கத்திலேயே ஓர் அறையை இருட்டாக்கித் தந்தால் போதும், என்லார்ஜரும் தட்டுகளும் நான் கொண்டுவருகிறேன், வருகிற பிள்ளைகள் தங்கள் கையாலேயே ஒரு படம் போட்டு எடுத்துப் போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்