மின்சார வேலை பார்த்த நம்ம சங்கத்தோட 2025 ஆண்டறிக்கை: இலங்கை லைன் பத்தித்தான் நிறைய

தலைவர் ஐயாவுக்கும் பொருளாளர் அக்காவுக்கும், இங்க வந்திருக்குறவங்களுக்கும், வர முடியாம வாட்ஸப்ல படிக்கப்போறவங்களுக்கும் வணக்கம்.

கணக்கு வழக்கை பொருளாளர் தனியா வாசிப்பாங்க, சந்தா பாக்கி லிஸ்ட்டும் அவங்ககிட்டதான் இருக்கு. மாசக்கூட்டம் மே மாசம் மட்டும் வெயிலுக்காக தள்ளிப்போச்சு, மத்தபடி தவறல. நம்மள விட்டுப் போன ரெண்டு பேருமே கம்பம் ஏறி வேலை பார்த்தவங்க, அவங்களுக்கு மௌன அஞ்சலி செலுத்திட்டுத்தான் இதை வாசிக்கிறேன்.

இந்த வருஷம் நம்ம பேச்சுல பாதிக்கு மேல இலங்கை லைன்தான், அதாவது நமக்கும் இலங்கைக்கும் நடுவுல கரண்ட் கொண்டு போக கடலைத் தாண்டிப் போடணும்னு சொல்ற லைன். ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்புல ரெண்டு அரசாங்கமும் ஹெச்விடிசி (உயர் அழுத்த டிசி, அதாவது ஒரே திசைல ஓடுற கரண்ட்) இணைப்புக்கு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டாங்கன்னு நியூஸ் வந்த அன்னைக்கே குரூப்ல ஆரம்பிச்சிருச்சு. 2010லயே ஆய்வுக்கு கையெழுத்தான விஷயம் இது, அப்ப சொன்ன பிளான் நம்ம மதுரைல இருந்து அனுராதபுரத்துக்கு 1000 மெகாவாட். அதே 2010ல பங்களாதேஷோடயும் ஒப்பந்தம் போட்டாங்க, 2013 அக்டோபர்ல பஹரம்பூர்-பெராமாரா லைன்ல 500 மெகாவாட் ஓட ஆரம்பிச்சு 2018ல அது 1000 ஆச்சு. நேபாளத்துக்கு 2016ல முசாபர்பூர்-தல்கேபார் லைன் போச்சு, 2024 நவம்பர்ல நேபாளத்து ஆத்துத் தண்ணில எடுத்த 40 மெகாவாட் நம்ம கிரிட் (லைன்கள் எல்லாம் சேர்ந்த மின்கட்டமைப்பு) வழியாவே பங்களாதேஷுக்கு போய்ச் சேர்ந்துச்சு. நம்ம லைன் மட்டும் பதினஞ்சு வருஷமா பேப்பர்லயே இருக்கு, எனக்கு இதுல ரொம்ப வருத்தம்.

ஜூலை கூட்டத்துல ஒருத்தர் "நமக்கே பத்தாதப்ப அவங்களுக்கு எதுக்கு சார்"னு கேட்டாரு. நியாயமான கேள்விதான். அன்னைக்கு எல்லாரும் 2012 மின்வெட்டை பத்தித்தான் பேசினோம், சப்ஸ்டேஷன் ஷிஃப்ட்ல இருந்தவங்களுக்கு மறக்குமா, ஃபோனை எடுத்தா திட்டு, எடுக்கலைன்னா கேட்டுக்கு வெளிய கூட்டம். அப்ப வெளிய விலைக்கு கரண்ட் கிடைச்சுது, இங்க கொண்டு வரத்தான் லைன் பத்தல. 2013 டிசம்பர் 31ல ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கேவி லைன்ல கரண்ட் ஏத்தி தென் கிரிட்டை நாட்டோட மத்த கிரிட்டோட ஏசிலயே நேரடியா சேர்த்தப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா மூச்சு விட்டோம். அந்த அவஸ்தைய பட்ட நாமளே இன்னொருத்தனுக்கு லைன் எதுக்குன்னு கேக்கக்கூடாதுங்குறது என் கருத்து, கூட்டத்துலயும் இதைத்தான் சொன்னேன்.

இது ஒருவழிப் பாதையும் இல்ல. இந்த ஏப்ரல்ல புத்தாண்டு லீவுல இலங்கைல லோடு (கரண்ட் தேவை) குறைஞ்சு, வீட்டு மாடி சோலாரை பகல்ல ஆஃப் பண்ணி வைங்கன்னு மக்கள்கிட்ட கேட்டுக்கிட்டாங்க. பிப்ரவரி 9 ஞாயித்துக்கிழமை பாணந்துறை சப்ஸ்டேஷன்ல ஒரு குரங்கு பட்டு நாடே இருட்டானதும் சோலார் நிறைய, லோடு கம்மியா இருந்த நேரத்துலதான். லைன் இருந்தா அந்த பகல் கரண்ட்டை நாம எடுத்துக்கலாம், நம்ம காத்தாலை சீசன்ல மிஞ்சுறதை அங்க அனுப்பலாம்.

ஏன் டிசின்னு புது உறுப்பினர்கள் கேட்டதுக்காக இதையும் எழுதுறேன். கடலுக்கடியில ஏசி கேபிள் போட்டா கேபிளே ஒரு கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தை சேர்த்து வைக்கிற சாதனம்) மாதிரி ஆயிரும், தூரம் கூடக்கூட சார்ஜிங் கரண்ட்டே அதோட கெப்பாசிட்டியை தின்னுரும். அது போக ஒரு பக்கம் ஃப்ரீக்வென்ஸி ஆடுனா டிசி அதை அந்தப் பக்கம் கடத்தாது, 2012 ஜூலை 30, 31ல வடக்கு, கிழக்கு கிரிட் விழுந்து இருட்டானப்ப தெற்கு நின்னது நடுவுல டிசி மட்டும் இருந்ததாலதான்.

பயமும் இருக்கு, மறைக்கல. 2014 நவம்பர் 1 பெராமாரா டிசி ஸ்டேஷன் டிரிப் ஆகி கரண்ட் அறுந்ததுல ஆரம்பிச்சு பங்களாதேஷ் முழுக்க இருட்டாச்சு. இலங்கையோட பீக்கே (உச்ச நேரத் தேவை) 3000 மெகாவாட் பக்கம்தான், அதுல லைன்ல வர்ற 500 ஒரே அடியா விழுந்தா எந்த மெஷின் தாங்கும்? அதனால லைனை ரெண்டு போலா (ஒண்ணு விழுந்தாலும் இன்னொண்ணு ஓடுற மாதிரி) பிரிச்சுப் போடணும், முதல்ல கம்மியா ஓட்டணும், அந்தப் பக்கம் பேட்டரி ரிசர்வ் வேணும்னு இந்த லைன் பத்தி சங்கம் போட்ட தீர்மானத்துல சேர்த்தோம்.

செப்டம்பர்ல வேன் பிடிச்சு தனுஷ்கோடி போனோம். அரிச்சல்முனைல நின்னா தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர், நாலஞ்சு பேர் ஃபோன்ல இலங்கை சிக்னல் வந்து வெல்கம் மெசேஜ் அடிச்சுது. அங்க வலையை மடில போட்டு பொத்தல் தச்சுக்கிட்டிருந்த ஒரு மீனவர் நாங்க பேசுனதை கேட்டுட்டு "அண்ணே, கேபிள்ல வலை மாட்டுனா யாருண்ணே காசு குடுப்பா"ன்னு கேட்டாரு. முப்பது வருஷம் சர்வீஸ் போட்ட எங்கள்ல ஒருத்தர்கிட்டயும் பதில் இல்ல. ஊர் திரும்பி கேபிளை கடல் தரைக்குக் கீழ பள்ளம் தோண்டிப் புதைக்கணும், ரூட்டை மீனவர்கள்கிட்ட கேட்டு முடிவு பண்ணணும், வலை போனா நஷ்டஈடு யாருன்னு முன்னாடியே எழுதணும்னு தீர்மானத்தை திருத்தினோம்.

அக்டோபர்ல தீர்மானத்தை ரிஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்பியாச்சு, அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு ஃபைல்ல இருக்கு, பதில் வரல. ஜனவரி கூட்டத்துல நினைவூட்டல் கடிதத்துக்கு எல்லாரும் கையெழுத்து போடணும். தீர்மானத்தோட ஒரு காப்பிய அந்த மீனவருக்கும் அனுப்பிருக்கேன்.

இப்படிக்கு,
செயலாளர்