மருத்துவப் படிவத்தைப் பேருந்தில் நீட்டாதீர்கள்

சிங்கப்பூரில் ஸ்கூபா முக்குளிப்புப் பயிற்சி தரும் நிலையங்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

கடலுக்கடியில் நடப்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் எழுத வந்தது ஒரு பேருந்துக்குள் நடந்ததைப் பற்றி.

என் மகளுக்கு 19 வயது. நீச்சல்குளப் பயிற்சியை இங்கே முடித்துவிட்டு, சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு கடல் பயிற்சிக்காக மலேசியாவின் தியோமான் தீவுக்குப் புறப்பட்டாள். கட்டணம் முழுவதும் கட்டியாகிவிட்டது. உட்லண்ட்ஸ் எல்லையைத் தாண்டி, பேருந்து படகுத்துறை உள்ள மெர்சிங் நோக்கி ஓடிக்கொண்டிருந்தபோது இரண்டு தாள்களைக் கொடுத்தார்கள். ஒன்று, விபத்து நேர்ந்தால் நிலையம் பொறுப்பல்ல என்று ஒப்புக்கொள்ளும் பொறுப்புத் துறப்பு, மற்றது மருத்துவக் கேள்விப் படிவம். முதுகுப்பையை மடியில் வைத்து, கைப்பேசி வெளிச்சத்தில் எழுதினாள். நுரையீரல் பற்றிய கேள்வி வந்ததும் பேனா நின்றுவிட்டது. எட்டு மாதங்களுக்கு முன் ஆஸ்துமா வந்து, இரண்டு நாள் மாடிப்படி ஏற முடியாமல் கிடந்தவள் அவள். படிவமோ “கடந்த 12 மாதங்களில்” என்று தெளிவாகக் கேட்கிறது.

உடன் வந்த ஊழியரிடம் கேட்டிருக்கிறாள். “ஆம்” என்று எழுதினால் மருத்துவர் கையெழுத்து வேண்டும், இந்த நேரத்தில் அதற்கு எங்கே போவது, இப்போது நன்றாகத்தானே இருக்கிறாய், “இல்லை” என்று எழுதிவிடு என்றாராம். எழுதிவிட்டாள். பொறுப்புத் துறப்பில் ஒரு கையெழுத்து விடுபட்டிருந்ததை மட்டும் கண்டுபிடித்து, அவள் இருக்கை வரை வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து என் மனம் ஆறவில்லை.

மூன்றாவது முழுக்கில் அவளுக்கு இழுப்பு வந்தது. பயிற்றுநர் அவளைப் பற்றிக்கொண்டு நிதானமாக மேலே கொண்டுவந்து சேர்த்தார். அந்த மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் அவளுக்கு ஆஸ்துமா இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. கையிலிருந்த தாள் “இல்லை” என்றுதானே சொன்னது! மூச்சு மருந்து கரையில் அவள் பையில் இருந்தது. “அப்பா, காற்றை உள்ளே இழுக்க முடிந்தது, வெளியேதான் விட முடியவில்லை” என்றாள்.

அந்த வாக்கியத்தின் பொருள் உங்களுக்குப் புரியும். 10 மீட்டர் ஆழத்தில் இழுத்த காற்று, மேற்பரப்புக்கு வரும்போது இரு மடங்காக விரிகிறது. அதனால்தான் முதல் பாடத்திலேயே மூச்சை அடக்காதே என்கிறீர்கள். சுருங்கிய மூச்சுக்குழாய்களுக்குப் பின்னால் காற்று சிக்கிக்கொண்டால், அவள் அடக்காவிட்டாலும் அது வெளியேறாது. விரியும் காற்று நுரையீரலைக் கிழிக்கும். குமிழாக இரத்தத்தில் கலந்து மூளை வரை போகக்கூடும். முதுகில் சுமக்கும் உருளையிலிருந்து வரும் வறண்ட காற்றே சிலருக்கு இழுப்பைத் தூண்டிவிடும். என் மகள் பிழைத்தாள். அப்படி ஏதாவது ஆகியிருந்தால், அந்தக் குமிழ்களுக்குச் சிகிச்சை தரும், இங்குள்ள அழுத்த அறைக்கு வந்து சேர்வதற்குள் ஒரு படகுப் பயணம், ஒரு நெடுஞ்சாலை, ஓர் எல்லைச் சோதனை இத்தனையையும் கடந்திருக்க வேண்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். பணம் வாங்குவதற்கு முன், பெயர் பதியும் அன்றே, அந்தப் படிவத்தைக் கொடுங்கள். கொடுத்ததைப் படியுங்கள். பத்துக் கேள்விகள்தான் இருக்கின்றன, பத்து நிமிடம்கூட ஆகாது.

இரண்டு மூன்று நாட்களில் சான்றிதழ், நண்பரோடு சேர்ந்தால் தள்ளுபடி என்றெல்லாம் விளம்பரம் செய்கிறீர்கள். 18 மீட்டர் வரை இறங்கலாம் என்று அட்டை தருகிறீர்கள். அந்த அட்டையை நம்பித்தான் பெற்றோர் பிள்ளையைக் கடலுக்கு அனுப்புகிறோம். பேருந்தில் கொடுத்த படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. அது முன்பே தமிழில் வீட்டுக்கு வந்து, என் மனைவி படித்திருந்தால் அந்தக் கேள்வியிலேயே தடுத்திருப்பாள், ஏனென்றால் இழுப்பு வந்த இரவுகளில் அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான்கு மொழிகளில் அறிவிப்பு வைக்கும் ஊரில், இந்த ஒரு தாளைத் தமிழிலும் தருவது பெரிய வேலையா? கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கவனமாக நடத்தும் நிலையங்களும் உங்களில் இருக்கின்றன என்று அறிவேன்.

அவர்களையும் சேர்த்தே பணிவுடன் கேட்கிறேன்: படிவத்தைப் பணத்துக்கு முன் கொடுங்கள். முக்குளிக்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள், அல்லது தேதியை மாற்றித் தாருங்கள். பணம் போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை 19 வயதுப் பிள்ளை “இல்லை” என்றுதான் எழுதும்.

என் மகள் மறுபடியும் கடலுக்குப் போக ஆசைப்படுகிறாள். நான் தடுக்கவில்லை. அடுத்த வாரம் நுரையீரல் மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். புதிய படிவம் ஒன்றை அவளே நிரப்பி வைத்திருக்கிறாள், இந்த முறை “ஆம்” என்று. அந்தத் தாளை வாங்கி, அவளை எதிரில் உட்காரவைத்துப் படிக்கும் நிலையம் எது என்று தயவுசெய்து தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை