அணையும் ஒளி

அன்புள்ள செல்வம்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை விட்டுவிடாதே. இங்கே பெரியவள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

வெடிமருந்தை நாய் மோப்பம் பிடிக்கிறது, கருவி எப்படிப் பிடிக்கும் என்று கேட்டிருந்தாய். எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு இந்த வருஷம் நான் கொடுத்திருக்கும் ப்ராஜெக்டே அதுதான்!

புற ஊதா விளக்கில் பளிச்சென்று ஒளிரும் பாலிமர் ஒன்று, அதாவது சங்கிலிபோல் நீண்ட மூலக்கூறு. டி.என்.டி. என்ற வெடிமருந்துக்கு எலக்ட்ரான் பசி அதிகம், அதிலிருக்கும் நைட்ரோ தொகுதிகளால். ஒளியை வாங்கிக் கிளர்ந்த பாலிமரிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்தால் ஒளி அணைந்துவிடும். சாதாரணச் சாயத்தில் ஒரு டி.என்.டி. ஒரு சாய மூலக்கூறைத்தான் அணைக்கும். நீண்ட சங்கிலியிலோ அந்தக் கிளர்ச்சி ஓடிக்கொண்டே இருக்கும், வழியில் ஒரே ஒரு டி.என்.டி. ஒட்டியிருந்தாலும் சிக்கிக்கொள்ளும். திருவிழா சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வரிசையே இருண்டுபோகுமே, அப்படி.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் வேதியியலாளர் திமோதி ஸ்வேகர் செய்த வேலை இது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, படலமாகப் பூசும்போது வந்த சிக்கலை அவர்கள் தீர்த்த விதம். சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிப் படிந்தால் தாமாகவே மங்கும், ஆவியும் உள்ளே நுழையாது. 1998இல் பென்டிப்டிசீன் என்ற முரட்டு வளையக்கூட்டைச் சங்கிலியில் கோத்தார்கள். அது சங்கிலிகளைத் தள்ளியே வைத்தது, இடுக்குகளில் டி.என்.டி. புகுந்தது. அறை வெப்பத்தில் அதன் ஆவி காற்றில் நூறு கோடியில் சில பங்குதான், ஆனாலும் ஒரு நிமிடத்துக்குள் ஒளி பாதிக்குமேல் சரிந்தது. பிறகு ஃபிடோ என்ற கைக்கருவியாகவும் வந்தது.

எங்கள் லேபில் டி.என்.டி.க்குப் பதிலாக, அதைப்போலவே நைட்ரோ தொகுதிகள் உள்ள பிக்ரிக் அமிலம்தான். மஞ்சள் கரைசலை ஒரு சொட்டு விட்டதும் குப்பி இருண்டதில் பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். நான்தான் நிறுத்தினேன். பிக்ரிக் அமிலமே புற ஊதாவை விழுங்கும். பாலிமருக்கு வெளிச்சம் போய்ச் சேராமலும் மங்கலாம். அப்படி விழுங்கியதைக் கணக்கில் கழிக்கும் திருத்தத்தைப் போடாமல் வரும் ஆய்வுக் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. டி.ஏ.டி.பி. போன்ற பெராக்சைடு வெடிமருந்தில் நைட்ரோ தொகுதியே கிடையாது, அதனிடம் இந்த வித்தை பலிக்காது.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தார் குரோஷியாவில் தேனீக்களைச் சேர்த்துக்கொண்டார்கள். கண்ணிவெடி நிலத்தில் பறந்து திரும்பும் தேனீயின் ரோமத்தில் வெடிமருந்துத் துகள் ஒட்டியிருக்கும். கூட்டு வாசலில் அதைச் சேகரித்து, சூடாக்கி, ஒளிரும் படலத்துக்குக் காட்டுகிறார்கள். யாரும் அந்த மண்ணில் கால் வைக்க வேண்டியதில்லை. இந்தத் துறையில் இதைவிட நல்ல வேலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டுவிட்டாயா? லேப் திறந்திருக்கும் நாளாகப் பார்த்து வா, நேரிலேயே காட்டுகிறேன்.

அன்புடன்,
முருகேசன்