மருமகனின் தீர்ப்புக்கு ஒரு மேல்முறையீடு

மதுரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓசூர் குளிருக்கு இரண்டு வரி, தங்கச்சியின் இடமாற்றத்துக்கு மூன்று வரி, மீதி முழுக்க உன் மகன் மீது குற்றப்பத்திரிகை. நீ போனில் ஃப்ரீசெல் என்ற சீட்டாட்டத்தைத் தனியாக ஆடுவதை எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்கள் வெறும் கேஷுவல், அப்பா. இதெல்லாம் கேம் கணக்கிலேயே வராது" என்று மருமகன் சொல்லிவிட்டானாம். கேஷுவல் என்றால் சும்மா பொழுதுபோக்க ஆடுகிறவர், ஹார்ட்கோர் என்றால் ஆட்டமே கதி என்று இறங்குகிறவர், இதுதான் அவர்கள் பாஷை. அன்று இரவு உனக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம். உன் கோபம் எனக்குப் பழையது, காரணம்தான் புதியது.

இங்கே எல்லோரும் நலம். மாடி ஒழுகலுக்கு ஒருவழியாகத் தட்டோடு பதித்தாயிற்று. பெரியம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை நீக்கிவிட்டார்கள். கட்டுப் பிரித்ததும் அவர் முதலில் கேட்டது போனைத்தான். உன் வழக்கில் அவரும் ஒரு சாட்சி என்பதால் பிறகு அழைக்கிறேன்.

அதற்கு முன் நம் வாட்ச் கடைக்காரர் மகனை நினைவுபடுத்திக்கொள். சிம்மக்கல் பக்கம் நாம் கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஆடிய பிரவுசிங் சென்டரில் மூலைக் கம்ப்யூட்டர் அவனுடையது. நாமெல்லாம் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து சுடத் தொடங்குவோம். அவன் மௌஸைக் கவிழ்ப்பான். அடி வளையத்தைத் திருகி, ரப்பர் உருண்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். அப்பா கடையிலிருந்து கொண்டுவந்த சிறு இடுக்கியால், உள்ளே இருக்கும் உருளைகளில் சுற்றிக்கிடக்கும் அழுக்கை இழை இழையாக உரித்தெடுப்பான். உருண்டையைக் கைக்குட்டையில் துடைத்து மாட்டி, மேசையில் ஒரு வட்டம் சுற்றிப் பார்த்த பிறகுதான் ஆட்டத்துக்குள் நுழைவான். இதற்குள் மணிக்கணக்குக் காசு ஓடத் தொடங்கியிருக்கும். அவனுக்கு அது உறைக்காது. கூட்டம் இல்லாத மத்தியான வேளைகளில் 'டஸ்ட் 2' என்ற ஆட்டக்களத்தில் எதிரியே இல்லாமல் தனியாக ஓடிக்கொண்டிருப்பான். தொடங்கும் இடத்திலிருந்து குண்டு வைக்கும் இடமான பி சைட் போய்ச் சேரக் கத்தியைக் கையில் பிடித்து ஓடினால் எத்தனை விநாடி, துப்பாக்கியோடு ஓடினால் எத்தனை விநாடி என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வான்.

இவ்வளவும் செய்தவன் ஆட்டத்தில் எப்படி? நம் கூட்டத்தில் முதலில் செத்து விழுகிறவன் அவன்தான். எந்த அணியில் சேர்ப்பது என்று தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். நீயோ குறி தப்பாமல் சுடுவாய். ஆனால் கம்ப்யூட்டரை அணைத்ததும் நேரே பரோட்டாக் கடைக்குப் போய்விடுவாய், உன் தலைக்குள்ளும் ஆட்டம் அணைந்துவிடும். அவனுக்கு அணையாது. நம்மில் யாரையாவது ஹார்ட்கோர் என்று சொல்வதானால் அவன் ஒருவனைத்தான் சொல்ல வேண்டும். கேஷுவலுக்கும் ஹார்ட்கோருக்கும் நடுவே திறமையை வைத்துக் கோடு போடலாம் என்று மருமகன் வாதாடினால் இந்தச் சாட்சி போதும்.

நேரத்தை வைத்துப் போடலாம் என்பானோ? இப்போது பெரியம்மாவைக் கூப்பிடுகிறேன். மிட்டாய்களைச் சேர்த்து உடைக்கும் போன் ஆட்டமான கேண்டி க்ரஷ் 2012இல் வந்தது. அதை அவருக்குக் காட்டிக்கொடுத்த பேத்தி எப்போதோ மறந்துவிட்டாள், இவர் விடவில்லை. காலையில் பூஜை முடிந்ததும் ஒரு சுற்று, மத்தியானம் ஒரு சுற்று, சீரியல் நடுவே விளம்பரம் வரும்போதெல்லாம் மிச்சம். கூட்டிப் பார்த்தால் மருமகன் இரவு விழித்து ஆடும் கணக்குக்குக் குறையாது. அதிலும் அந்த ஆட்டத்தின் அமைப்பைக் கவனி. கையில் அதிகபட்சம் ஐந்து உயிர், தோற்றால் ஒன்று போகும், போன ஒன்று திரும்பி வர முப்பது நிமிடம். நாம் நிறுத்த நினைப்பதற்கு முன்னால் ஆட்டமே கதவைச் சாத்துகிறது. உடனே திறக்க வேண்டுமென்றால் காசு கேட்கிறது. அந்தக் கதவடியில் காத்திருப்பவர்களின் பலத்தில்தான் அந்தக் கம்பெனி 2016இல் 590 கோடி டாலருக்குக் கைமாறியது. பொழுதுபோகாதவர்கள் ஆடும் ஆட்டம் என்று நாம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பெரியம்மா காசு கொடுப்பதில்லை. இதை அவருடைய சிக்கனம் என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, இலவசமாக வந்து குவிந்திருக்கும் லாலிபாப் சுத்தியல்களையும் அவர் தொடாதது தெரிந்தது. ஒரு தட்டுத் தட்டினால் வழிமறிக்கும் மிட்டாய் உடைந்துவிடும், கட்டம் முடிந்துவிடும். தொடவில்லை. மூன்று நட்சத்திரம் வராத கட்டத்தை மறுபடி ஆடாமல் அடுத்ததற்கும் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "சுத்தியலால் உடைத்தால் நான் ஜெயித்ததாக ஆகுமா?" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். இப்படி ஒரு சட்டத்தை ஆட்டம் அவருக்கு விதிக்கவில்லை. சொல்லப்போனால் அந்தச் சுத்தியலை விற்பதில்தான் கம்பெனிக்கு வருமானமே.

அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் எனக்கு இந்த விஷயம் ஒரு வடிவத்துக்கு வந்தது. ஆட்டம் கேட்டதைக் கொடுத்துவிட்டு எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆட்டம் கேட்காததையும் தங்களிடம் தாங்களே கேட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கோடு ஆளுக்கு ஆள் என்றுகூடச் சொல்ல முடியாது, ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். பெரியம்மாவிடம் தாயக்கட்டையைக் கொடுத்துப் பார், ஜெயித்தாலும் தோற்றாலும் அவருக்கு ஒன்றுதான்.

உன் ஃப்ரீசெல்லையே எடுத்துக்கொள். 52 சீட்டும் எட்டு வரிசையில் முகம் தெரியக் கிடக்கும். எதுவும் ஒளிந்திருக்கவில்லை, ஆகவே தோற்றால் சீட்டைத் திட்ட வழியில்லை. விண்டோஸுக்காக இதை எழுதிய ஜிம் ஹார்ன், 32,000 ஆட்டங்களுக்கு எண் கொடுத்து வைத்தார். எல்லா ஆட்டங்களையும் வெல்ல முடியும் என்று நம்பப்படுகிறது, ஆனால் நிரூபிக்கப்படவில்லை என்று அதன் உதவிக் குறிப்பில் ஒரு வரி உண்டு. அலுவலகங்களில் மேலதிகாரி வரும்போது சட்டென்று மூடிவைத்த லட்சக்கணக்கான பேருக்கு அந்த வரியைப் படிக்க ஏது நேரம்? 1994இல் டேவ் ரிங் என்பவர் அதைப் பிடித்துக்கொண்டார். இணையத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களைத் திரட்டி, 32,000 எண்களையும் பங்கு பிரித்துக் கொடுத்தார். ஒருவருக்கு வசப்படாத ஆட்டம் இன்னொருவருக்குப் போகும், அவருக்கும் முடியாவிட்டால் அடுத்தவருக்கு. 1995 ஏப்ரலில் எல்லாம் முடிந்து ஒன்றே ஒன்று மிஞ்சியது: 11982. அதை அவர்களில் எவராலும் வெல்ல முடியவில்லை. பின்னால் கம்ப்யூட்டர் நிரல்களை வைத்து அலசிப் பார்த்தும் வழி கிடைக்கவில்லை. பரிசு கிடையாது, கோப்பை கிடையாது, தரவரிசையும் கிடையாது. மருமகன் கணக்கில் வராத ஆட்டத்தில்தான் இவ்வளவும் நடந்தது. உன் செயலியில் எண் கொடுத்து ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் 11982ஐப் போட்டுப் பார். முடியாது என்று தெரிந்தே ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதில் கரைத்தாய் என்றால் அவன் தீர்ப்பு ரத்து.

இந்தப் பிடிவாதத்தின் உச்சத்தை டெட்ரிஸில் பார்த்தேன். மேலிருந்து விழும் கட்டைகளை நகர்த்தி வரிசையை நிரப்ப வேண்டும், 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய ஆட்டம். நம் டிவி கேம் கேசட்டிலும் இருந்தது, நீதான் போரடிக்கிறது என்று கான்ட்ராவுக்கு மாற்றுவாய். 1989இல் வந்த நிண்டெண்டோ பதிப்பில் 29ஆம் நிலைதான் எல்லை என்று வெகுகாலம் நம்பினார்கள். அங்கே கட்டை உச்சியிலிருந்து தரைக்கு வரப் பிடிப்பது விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. பட்டனை அழுத்திப் பிடித்தால், கட்டை ஓரத்துக்கு நகர்வதற்குள் தரையில் உட்கார்ந்துவிடும். சிலர் அழுத்திப் பிடிப்பதையே கைவிட்டார்கள். கட்டைவிரலை நடுங்க வைத்து, விநாடிக்குப் பத்து முறைக்கு மேல் தட்டப் பழகினார்கள். 2018 உலகப் போட்டியில் 16 வயது ஜோசப் சாலி அப்படித் தட்டித்தான், ஏழு முறை சாம்பியனான ஜோனஸ் நியூபவரை வென்றார். அதையும் மிஞ்சி இன்னொரு முறை வந்தது. இடது கட்டைவிரல் பட்டன்மேல் சும்மா இருக்கும். வலக்கை விரல்கள் கன்ட்ரோலரின் முதுகுப்பக்கத்தை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் கன்ட்ரோலரே எழும்பி வந்து கட்டைவிரலில் முட்டும். விரல் பட்டனை அழுத்துவது போய், பட்டன் விரலைத் தேடி வருகிறது! ரோலிங் என்று இதற்குப் பெயர். 2023 டிசம்பரில் ஓக்லஹோமாவைச் சேர்ந்த வில்லிஸ் கிப்சன் என்ற 13 வயதுச் சிறுவன் இந்த முறையில் 157ஆம் நிலைக்குப் போனான். அங்கே நிரலே தாங்காமல் திரை அப்படியே உறைந்துவிட்டது. மனிதர் ஆடி அந்த ஆட்டம் இப்படி முடங்கியது அதுவே முதல் முறை. செய்தியை வாசித்த பிரிட்டிஷ் தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஒருவர், வெளியே போய்க் கொஞ்சம் காற்று வாங்கு என்கிற தொனியில் அவனுக்குப் புத்தி சொன்னார். கிரிக்கெட் மைதானத்தில் ஒரு பையன் விடிய விடிய வலைப்பயிற்சி செய்தால் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

மருமகனுக்கு ஏன் இந்த எகத்தாளம் என்றால், அது அவன் கண்டுபிடித்ததல்ல, அவன் பிறந்த காலத்திலேயே கடைத்தெருவில் இருந்தது. 2006இல் நிண்டெண்டோ 'வீ' என்ற டிவி கேம் கருவியை இறக்கியது. கையில் இருக்கும் கோலை வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசும். பட்டன் வரிசை எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், பாட்டியும் பேரனும் சேர்ந்தே ஆடலாம். பத்துக் கோடிக்கு மேல் விற்றது. பழைய ஆட்டக்காரர்களுக்கு அது, வந்த விருந்தாளி தன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது போல இருந்தது. யார் உண்மையான ஆட்டக்காரர் என்ற சண்டை அப்போது சூடுபிடித்தது. இரண்டு கூட்டத்துக்கும் சரக்கு வைத்திருந்த வியாபாரிகளுக்கு அந்தச் சண்டையால் ஒரு நஷ்டமும் இல்லை.

மருமகன் ஆடுவது வாலரன்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் என்று எழுதியிருக்கிறாய். அதில் அயர்னில் தொடங்கி ரேடியன்ட் வரை ஒன்பது பட்டங்கள். ரேடியன்ட் தவிர ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று படி. ஏணியைச் சாத்திவைத்தது கம்பெனி. ஏறியவனைப் பாதியில் இறக்கி மறுபடி ஏறவிடுவதும் கம்பெனிதான். ஏணி இருக்கிறது என்பதற்காக மட்டும் ஏறினால், கட்டம் கட்டமாக மிட்டாய் உடைத்துப் போகிறவர்களுக்கும் அவனுக்கும் பெரிய தூரம் கிடையாது. (இந்த வரியைப் படித்துக் காட்டாதே, என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவான்.) தோற்ற ஆட்டத்தின் பதிவை மறுநாள் உட்கார்ந்து பார்க்கிறானா? பயிற்சித் தளத்தில் ஒரே குறியைத் திரும்பத் திரும்பச் சுட்டுப் பார்க்கிறானா? அந்தப் பட்டங்களை நாளைக்கே எடுத்துவிட்டால் ஆடுவானா? இந்த மூன்றாவதை மட்டும் கேட்டுப் பார். சற்றும் யோசிக்காமல் ஆமாம் என்றானானால் எனக்கு எழுது, அவனை வாட்ச் கடைக்காரர் மகனுக்கு அறிமுகப்படுத்துகிறேன். அவன் இப்போது டவுன் ஹால் ரோட்டில் அப்பா கடையைத்தான் பார்த்துக்கொள்கிறான். கடையில் பாதியை மொபைல் கவர் பிடித்துக்கொண்டுவிட்டது. இடுக்கி மட்டும் கையை விட்டுப் போகவில்லை.

கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் நீ கேட்டிருந்ததையும் படித்தேன். இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்திருக்கிறானே, இது நோயா என்று. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று இருப்பது உண்மை. ஆனால் அது மணிக்கணக்கை அளவுகோலாக வைக்கவில்லை. ஆட்டத்தை நிறுத்தும் கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்து அது முதலிடத்துக்கு வருவது, கேடு விளைவது கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது, அதனால் படிப்போ குடும்பமோ பெரிதும் பாதிக்கப்படுவது, இதெல்லாம் சாதாரணமாக ஒரு வருடமாவது நீடிப்பது என்று பார்க்கிறார்கள். மருமகன் அரியர் இல்லாமல் செமஸ்டர் முடித்திருக்கிறான், சனிக்கிழமை உன்னோடு சந்தைக்கு வருகிறான், ஒன்பது மணிக் கல்லூரிப் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். தூக்கம் போதவில்லை என்று கண்டி, அது நியாயம். நோய் என்று பெயர் வைக்காதே.

தங்கச்சிக்கும் ஒரு சேதி. போனில் சீட்டைப் பார்த்ததும் நீ ரம்மியில் பணம் விடுகிறாய் என்று நினைத்து வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை என்றாயே. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றிவிட்டது என்று சொல். ஃப்ரீசெல்லில் பைசா புழங்காது என்பதையும் நீயே உட்கார்ந்து ஆடிக் காட்டு. முடிந்தால் சொல்லியும் கொடு. அவள் உன்னைவிடப் பொறுமைசாலி, நன்றாகவே ஆடுவாள்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருவதாக இருந்தால் ரயில் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, தட்கலை நம்பி உட்கார்ந்திருக்காதே. இந்த முறை மூன்று பேருமாக வாருங்கள். மாடி அறையை ஒழித்துவைக்கிறேன்.

உன் மச்சான்