ஓட்டின் மேல் அடித்த மருந்து

ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பின் தோட்டப் பகுதியில், அழகுச் செடிகளைப் பிடிக்கும் செதில் பூச்சிக்கு ‘ஒருமுறை மருந்து தெளித்தால் போதும், ஒரே வாரத்தில் செடி சுத்தமாகிவிடும்’ என்று போட்டிருந்தீர்கள். படித்ததும் சிரிப்பு வந்தது, பின்னாலேயே எரிச்சலும் வந்தது. அப்படி ஒரே வாரத்தில் முடியும் என்று நம்பித்தான் நான் முன்பு ஒன்பது மாதத்தைத் தொலைத்தேன்.

நான் கைக்கடிகாரம் பழுதுபார்த்துப் பிழைத்தவன். இப்போது கடை இல்லை. கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸும் மெல்லிய இடுக்கியும்தான் மிச்சம். அவை இரண்டும் இல்லையென்றால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

வீட்டு வாசலில் ஒரு சைகஸ், பனை மாதிரி ஓலை விடும் அழகுச் செடி. அதன் ஓலை நரம்பை ஒட்டி, மிளகைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்த மாதிரி பழுப்பு மொட்டுகள். அசையவில்லை என்பதால் செடியிலேயே உள்ள முண்டு என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் கீழே தரை பிசுபிசுத்தது, எறும்பு சாரை சாரையாக ஏறியது, ஓலைகளில் அடுப்புக்கரி பூசியதுபோல் கருப்பு படிந்தது. கருப்பைத்தான் நோய் என்று நினைத்துப் பூஞ்சைக்கொல்லி அடித்தேன். கருப்பு என்பது பூச்சி கழிக்கும் இனிப்பு நீரின் மேல் வளரும் பூஞ்சை. மேலே கசிவு நிற்காத வரை துடைக்கத் துடைக்க வரும்.

பிறகுதான் பூச்சி மருந்து வாங்கினேன். அடித்துப் பத்து நாள் கழித்துப் பார்த்தால் மொட்டுகள் அப்படியே இருந்தன. மருந்தைக் கூட்டினேன். பக்கத்தில் இருந்த பெரணி கருகியது, மொட்டுகள் அசையவில்லை.

ஆத்திரத்தில் ஒரு மொட்டை இடுக்கியால் நெம்பி லென்ஸுக்குக் கீழே வைத்தேன். தாய் எப்போதோ செத்துக் காய்ந்துவிட்டிருந்தது. ஓட்டுக்கு அடியில் நுண்மணல் போல் முட்டை, எண்ணி மாளாது. நடுவே மஞ்சளாய் ஆறு கால், இரண்டு உணர்கொம்போடு குஞ்சுகள் ஊர்ந்தன. செத்த தாயே அவற்றுக்குக் கூரை. நான் இத்தனை நாளும் கூரை மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேலே தெளிக்கும் மருந்து படுவது அந்தக் குஞ்சு வெளியே வந்து இடம் தேடி அலையும் சில நாட்களில்தான். ஓரிடத்தில் உட்கார்ந்து ஓடு கட்டிவிட்டால் முடிந்தது கதை. ஆகவே எதை அடிப்பது என்பதைவிட என்றைக்கு அடிப்பது என்பதே கேள்வி. அதை உங்கள் பகுதி சொல்லவே இல்லை.

நான் செய்தது இது. மொய்த்துக் கிடந்த ஓலைகளை வெட்டி, பையில் போட்டுக் கட்டி வெளியேற்றினேன். மற்றவற்றைப் பழைய பல் துலக்கியில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். இரு பக்கமும் ஒட்டும் டேப்பை ஓலைக் காம்புகளில் சுற்றி, ஒருநாள் விட்டு ஒருநாள் லென்ஸோடு போய்ப் பார்த்தேன். டேப்பில் மஞ்சள் புள்ளிகள் ஒட்டியிருந்த அன்று, வெயில் தாழ்ந்த பிறகு, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், நன்றாகக் குலுக்கி இலையின் அடிப்பக்கம் நனைய அடித்தேன். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. பெரணி எண்ணெய் தாங்காது என்று இம்முறை அதைத் தள்ளி வைத்துவிட்டேன். அடிமரத்தில் காகிதம் சுற்றி மேலே கிரீஸ் தடவி எறும்பையும் தடுத்தேன். அப்படியும் ஏறியது. தேடினால், ஓர் ஓலை நுனி சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது!

அரளியில் இருப்பது வேறு வகை. தட்டையாய், வெளிறி, பிசுபிசுப்பே இல்லாமல் இருக்கும். இது செடியின் சாற்றுக் குழாயை விட்டுவிட்டு உயிரணுக்களைக் குத்தி உறிஞ்சுவது. அதனால் வேரில் ஊற்றும் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சி மருந்து சைகஸ் பூச்சியைக் கொன்றாலும் இதை அநேகமாக ஒன்றும் செய்யாது. பூச்செடியில் அந்த மருந்து தேனிலும் மகரந்தத்திலும் ஏறும். தேனீக்களை எண்ணித்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் அதைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது. என் செம்பருத்திக்குப் பக்கத்தில் அதை நான் கொண்டுபோவதில்லை.

ஒரு பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளை மெழுகு இழைகளோடு மாவுப்பூச்சி மாதிரியே ஐந்து புழுக்களைக் கண்டு கட்டை விரலால் நசுக்கினேன். ஆறாவதை லென்ஸில் பார்த்தபோது அது செதில் பூச்சியின் முட்டையைத் தின்றுகொண்டிருந்தது. பொறிவண்டின் குஞ்சு! பொறிவண்டுகளிலேயே இன்னொரு வகையைத்தான் 1888-இல் ஆல்பர்ட் கோபெல் ஆஸ்திரேலியாவில் தேடிப் பிடித்து கலிபோர்னியாவுக்கு அனுப்பினார், அங்கே எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகளை அழித்துக்கொண்டிருந்த பஞ்சுச் செதில் பூச்சியை ஒழிக்க. நான் இலவசமாக வந்ததை நசுக்கினேன்.

அந்தப் பூச்சிக் குலத்தின் மேல் எனக்கு முழுப் பகையும் இல்லை. கடிகாரத்தின் பேலட் கற்களை, அதாவது பல்சக்கரத்தைத் தடுத்துத் தடுத்து விடும் சின்னக் கற்களை, ஒட்டுவது அரக்கால். அரக்கைச் சுரப்பதும் ஒரு செதில் பூச்சிதான். நாற்பது வருஷம் அதன் தயவில் பிழைத்திருக்கிறேன்.

இன்னொரு முறை இதைப் பற்றி எழுதினால், செத்த ஓடு தானாக உதிராது என்பதையாவது போடுங்கள். அது தெரியாமல்தான் என்னைப்போல் பலர் மருந்தைக் கூட்டிக் கூட்டி அடிக்கிறார்கள். ஓட்டை ஊசியால் குத்தினால் போதும். ஈரம் கசிந்தால் உயிர் இருக்கிறது, பொடியாய் உதிர்ந்தால் இல்லை. ஓட்டில் வட்டமாய்ச் சிறு துளை இருந்தால், செதில் பூச்சியைத் தின்று வளரும் சின்னக் குளவி ஒன்று உங்களுக்கு முன்பே வேலையை முடித்துவிட்டது.

சைகஸில் இன்னும் நாற்பது ஐம்பது ஓடுகள் இருக்கின்றன, குத்திப் பார்த்தவரை எல்லாம் பொடி. அரளி டேப்பில் நேற்று மூன்று மஞ்சள் புள்ளிகள். இன்று சாயங்காலம் வேலை இருக்கிறது.

இங்ஙனம்,
பழைய கடிகாரக்காரன்