தம்பிக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பும் எதையும் நீ பார்ப்பதே இல்லை என்று தங்கை சொன்னாள். அதனால்தான் தபால். ஆசிரம விலாசத்துக்கு வந்தால் யாராவது உன் கையில் கொடுப்பார்கள் இல்லையா?

சாப்பிடுகிறாயா? ஒரு வேளைதான் சாப்பாடு, மூன்று மணி நேரம்தான் தூக்கம் என்று நீ கடைசியாக எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனசு ஓடவில்லை. மாடிக்குக் குடித்தனம் வந்துவிட்டது. பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மற்றதெல்லாம் நேரில்.

உடம்பு மறந்துபோனது, நேரம் நின்றுபோனது, 'நான்' என்று ஒன்று இல்லவே இல்லை, இதுதான் சமாதி என்று எழுதியிருந்தாய். படித்ததும் முதலில் பெருமைதான் வந்தது. யோகத்தின் எட்டுப் படிகளை இயமம், நியமம், ஆசனம் என்று தாத்தா விரல் விட்டு எண்ணுவாரே, அதில் எட்டாவது அது. உனக்கு வாய்த்தது பொய் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் முதலாவது இயமம். பிற உயிரை நோகடிக்காமல் இருப்பது அங்கேயே வந்துவிடுகிறது. மருமகள் போன ஞாயிற்றுக்கிழமை வந்து மாம்பழம் கொடுத்துவிட்டுப் போனாள். உன்னைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கடைத்தெருவுக்குப் போகிற நாளெல்லாம் சொக்கப்ப நாயக்கன் தெருவில் ரமண மகரிஷி சின்ன வயதில் இருந்த அந்த வீட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். சின்ன அறைதான். அப்போது அவர் பெயர் வேங்கடராமன். 1896 ஜூலையில், பதினாறு வயதுப் பையனாக, அங்கேதான் கை காலை விறைப்பாக நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, உதட்டை இறுக மூடிக்கொண்டு, 'உடம்பு செத்துவிட்டது, நானும் செத்தேனா?' என்று பார்த்தார். செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கே கோயிலில் பாதாளலிங்கம் இருக்கிற நிலவறையில் பூச்சி அரித்துத் தொடையெல்லாம் புண்ணாகிச் சீழ் வடிந்தது அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்கள்தான் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். அம்மனுக்கு அபிஷேகம் செய்த பாலை, மஞ்சளும் சர்க்கரையும் வாழைப்பழமும் கலந்தது கலந்தபடியே, அவருக்குக் கொடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். உனக்கு அங்கே யார் கொடுப்பார்கள், தம்பி? சாப்பிடாமல் இருக்காதே. தூக்கத்தைக் குறைக்காதே. மாமாவுக்கும் தூக்கம் போனதில்தான் எல்லாம் ஆரம்பித்தது, உனக்குத் தெரியும்.

உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்தது இதுதான். ஆழ்ந்து உட்கார்ந்து உலகம் மறந்துபோகிற நிலையை ரமணர் முடிவு என்று சொல்லவில்லை. அதைக் கேவல நிர்விகற்ப சமாதி என்றார். கயிறு கட்டிய வாளி கிணற்றுக்குள் மூழ்கிக் கிடக்கிறது, இழுத்தால் மேலே வந்துவிடும் என்று விளக்கினார். சகஜ சமாதி என்பது கடலில் கலந்த ஆறு, அதைத் திரும்பப் பிரித்து எடுக்க முடியாது. மனம் ஒடுங்குவது மனோலயம், மனம் அழிவது மனோநாசம், இரண்டையும் ஒன்றாக நினைக்காதே என்று கேட்டவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். கங்கைக் கரையில் இருந்த யோகி கதையும் அதற்காகச் சொன்னதுதான். அந்த யோகி தாகத்துக்குத் தண்ணீர் கொண்டுவா என்று சீடனை அனுப்பிவிட்டு, அவன் வருவதற்குள் சமாதியில் ஆழ்ந்துவிட்டார். எத்தனையோ காலம் அப்படியே போய்விட்டது. கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் வார்த்தை, தண்ணீர் எங்கே என்பது. எந்த நினைப்போடு உள்ளே போனாரோ அதே நினைப்போடு வெளியே வந்தார். நீயும் கங்கைக் கரையில்தானே இருக்கிறாய். நீ என்ன நினைப்போடு உட்கார்ந்தாய்? இங்கே எதை விட்டு ஓடிப்போய் அங்கே உட்கார்ந்தாய்? நான் கேட்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

விடிவதற்கு முன்பே எழுந்து ஆசிரம அடுக்களையில் மற்றவர்களோடு உட்கார்ந்து காய் நறுக்கியவர் ரமணர். பேப்பர் படித்தார். வந்த கடிதங்களைப் பார்த்தார். சகஜம் என்றால் அப்படித்தான் இருக்கும்போல.

ரமணரின் அம்மா அழகம்மாளைப் பற்றி நினைக்காத நாள் இல்லை எனக்கு. 1898 கடைசியில் பெரிய மகனைக் கூட்டிக்கொண்டு, ரமணர் அப்போது இருந்த திருவண்ணாமலைப் பவழக்குன்றுக்குப் போய் நாள் கணக்கில் அழுதாள். பிள்ளை வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் கெஞ்சியதால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நடவாதது என்ன முயற்சி செய்தாலும் நடக்காது, நடப்பது தடுத்தாலும் நில்லாது, ஆகையால் மௌனமாக இருப்பதே நல்லது என்கிற அர்த்தத்தில். பெரிய உபதேசம் என்கிறார்கள். இருக்கட்டும். அதை வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பியபோது அவள் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அதோடு முடியவில்லை. 1914-ல் பார்க்க வந்த இடத்தில் அவளுக்குக் கடும் காய்ச்சல் கண்டபோது, அதே பிள்ளை அம்மாவைக் காப்பாற்று என்று அருணாசலனிடம் வேண்டிப் பாட்டெழுதினார். 1916-ல் அவள் மலைக்கே வந்து தங்கினாள், சமைத்துப் போட்டாள், அவர் போகச் சொல்லவில்லை. 1922 மே 19 அன்று அவள் உயிர் பிரிகிற வரைக்கும், காலையிலிருந்து ராத்திரி வரை, ஒரு கையை அவள் நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவளை அடக்கம் செய்த இடத்தை ஒட்டித்தான் இன்றைய ரமணாசிரமமே வளர்ந்தது.

நான் உன்னை இழுத்துக்கொண்டு வர அங்கே வரமாட்டேன். தியானத்தை விடு என்றும் சொல்லமாட்டேன். உன் வழி உனக்கு. நெய்யும் பருப்புப்பொடியும் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், ராத்திரியும் கொஞ்சம் சாப்பிடு. ஆறு மணி நேரமாவது தூங்கு. மருமகளுக்கு ஒரு வார்த்தை எழுது, எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை. திரும்பி வருகிறாயா, இல்லையா? எதுவானாலும் அவளிடம் நீயே சொல்.

இப்படிக்கு,
அம்மா